ஒன்பதாம் கட்டிலின் துடக்கு

தாதியர் விடுதி,
யாழ்ப்பாணம்.
12.07.1992

அன்பு மச்சாள் கமலாவதிக்கு,

நானும் கொக்குவிலில் மாமியும் கந்தன் புண்ணியத்தில் சுகம். வெள்ளவத்தையில் நீங்களும் இராசநாயகம் அண்ணையும் வயிற்றுக்குள் இருக்கிற ஆளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். சத்தி எடுக்கிறது குறைந்ததோ?

என் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்காமல் விட்டிருக்கலாம். மூன்றாம் வருடத்தில் எங்களுக்குத் தொற்றுத் தடுப்பு என்று ஒரு பாடம். ஒரு நோயாளியின் கிருமி அடுத்த நோயாளிக்குப் போகாமல் மறிப்பது எப்படி என்பதற்குப் புத்தகத்தில் இருநூறு பக்கம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாட்டில் அதற்கு ஒரு வாளித் தண்ணீரும் அரைக்கட்டிச் சவர்க்காரமும்தான். அந்த அரைக்கட்டியும் தாதிமாருக்குத் தலைவியான மேற்றனின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

படிப்பிக்கிற ரியூட்டர் ஆளுக்கொரு வாட்டாகப் பிரித்துத் தந்துவிட்டார். எனக்குப் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டு. ஆறு மாதத்துக்குள் அங்கே புண் பழுதாவதைக் குறைத்து அறிக்கை எழுத வேண்டும். போன மாதம் இருபத்திரண்டு பேருக்கு வெட்டியதில் ஒன்பது பேருக்குச் சீழ் பிடித்திருக்கிறது. தாதிமாரில் பாதிப்பேர் ஊரை விட்டுப் போய்விட்டதால் நோயாளிகளைப் பார்ப்பது சொந்தக்காரர்தான். பார்க்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தன் ஆளை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்களாம். இந்தக் கட்டிலில் சீழ்த்துணியைப் பிடித்த கை அந்தக் கட்டிலில் தலையணையைத் தட்டிப் போடும், மூன்றாம் கட்டிலில் கஞ்சி பருக்கும். “கையைக் கழுவுங்கோ அம்மா” என்றால், “என்ரை கையிலை என்ன பிள்ளை கிடக்கு?” என்று விரித்துக் காட்டுகிறார்கள். எனக்கு விசர் பிடிக்கிறது.

மாமியின் பித்தப்பைக் கல்லுக்கு ஓகஸ்ட் பத்தாம் திகதி நாள் தந்திருக்கிறார்கள். என் வாட்டில்தான். நான் பக்கத்தில் நிற்பேன். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கோ.
அன்பு மச்சாள்,
அருந்ததி


வெள்ளவத்தை.
09.08.1992

அன்பின் அருந்ததிக்கு,

உன் கடிதம் வர இருபத்தைந்து நாள். நாங்கள் இருவரும் சுகம். மூன்றாமவர் என்னைச் சோறு தின்ன விடுகிறாரில்லை, அதைத் தவிர ஒரு குறையுமில்லை.

பத்து வயது வரைக்கும் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்த நீ ஊருக்குக் கை கழுவப் படிப்பிக்கிறாய் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. இவர் கேட்டுவிட்டு, “பாவம் அந்த வாட்டு” என்றார்.

பகிடி போகட்டும். இது போய்ச் சேர முதல் அம்மாவுக்கு வெட்டி முடிந்திருக்கும். அப்பா போன பிறகு அந்த வளவுக்குள் அம்மா தனி. இந்த வயிற்றோடு கிளாலிக் கடலைப் படகில் கடந்து வர இவர் விடமாட்டார். எனக்கு அங்கே நீதான் இருக்கிறாய். தையில் பிறக்கிற பிள்ளையை அம்மா தன் கையால் தூக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை, அருந்ததி.

இவரோடு வேலை செய்கிற கனிசியஸ் ஊருக்கு வருகிறார். ஆறு கட்டிச் சவர்க்காரம் கொடுத்து விடுகிறேன்.

அம்மாவைப் பற்றி விபரமாக எழுது.
கமலாவதி


தாதியர் விடுதி.
06.09.1992

அன்பு மச்சாள்,

சுகம், சுகத்துக்கு வேண்டுகிறேன். மாமிக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. எதற்கும் கொஞ்ச நாள் வைத்திருக்கிறோம்.

கனிசியஸ் அண்ணை வந்து சேர்ந்தார். சவர்க்காரம் வந்து சேரவில்லை, வழியில் ஆமிச் சோதனையில் எடுத்துவிட்டார்களாம். சாம்பலும் கொதித்தாறிய தண்ணீரும் போதும் என்று நான் வாட்டு வாசலில் பானை வைத்தேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிருமி என்று படம் கீறி ஒட்டினேன். “பூச்சி வடிவாய்க் கிடக்கு” என்று ஒரு மனுசி சொல்லிவிட்டுப் போனா.

போன கிழமை அதே மனுசி வாட்டு வாசலில் நின்று உள்ளே வர மறுத்தா. ஏனென்று கேட்டால், “செத்தவீட்டாலை வாறன் பிள்ளை. துடக்கு. முழுகாமல் வரக்கூடாதெல்லோ?” என்றா. பின்பக்கக் கிணற்றில் போய்த் தலையோடு முழுகி, ஈரச்சேலையைப் பிழிந்து உடுத்துக்கொண்டு வந்தா. வந்தவுடன் ஒன்பதாம் கட்டிலின் சீழ்க்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே பத்தாம் கட்டிலுக்கு விபூதி பூசினா! எனக்குச் சுவரில் தலையை மோத வேண்டும் போலிருந்தது. எங்கேயோ செத்தவனுக்காக முழுகுகிறார்கள், கையில் ஒட்டியிருக்கிற சீழைக் கழுவ மாட்டார்களாம்.

அந்தக் கோபத்தில்தான் செய்தேன். காட்போட் மட்டையில் சிவப்பு மையால், “இக்கட்டிலுக்குத் துடக்கு. தொட்டவர்கள் கை கழுவாமல் அப்பால் போகக்கூடாது” என்று எழுதி ஒன்பதாம் கட்டிலின் தலைமாட்டில் கட்டிவிட்டேன். மச்சாள், நம்பமாட்டீர்கள், பின்னேரமே பானையடியில் வரிசை! இரண்டு பேர் கால் முகம் கழுவினார்கள், ஒருத்தி முழுகியே விட்டாள். வாட்டில் வேலை செய்கிற கொழும்புத்துறைச் செபஸ்தியம்மா மட்டும், “எங்கடை சமயத்திலை துடக்கில்லைப் பிள்ளை, ஆனால் நீ சொன்னபடியால் கழுவுறன்” என்று சிரித்தா.

இனிக் கணக்கு இறங்கும், பாருங்கோ.
அருந்ததி


வெள்ளவத்தை.
01.10.1992

அருந்ததிக்கு,

நான் சுகம். வயிற்றில் ஆள் உதைக்கத் தொடங்கிவிட்டார்.

உன் கெட்டித்தனம் நல்லதுதான். ஆனால் உன் கடிதத்தை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன். துடக்கு மட்டைக்கு இரண்டு பக்கம், என் அம்மாவுக்கு இரண்டு வரி. பித்தப்பை வெட்டினால் பத்து நாளில் வீட்டுக்கு விடுவார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். “எதற்கும் கொஞ்ச நாள்” என்றால் என்ன கருத்து? புண் ஆறிவிட்டதா இல்லையா?

அம்மாவைக் கொண்டு நாலு எழுத்து எழுதுவித்து அனுப்பு. “நான் சுகம்” என்று அவவின் கோணல் எழுத்தில் பார்த்தால் போதும்.

கமலாவதி


தாதியர் விடுதி.
29.10.1992

அன்பு மச்சாள்,

கடவுள் துணையால் எல்லோரும் சுகம். உங்களுக்கு ஏழாம் மாசம், மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம்.

நல்ல செய்தி. மாமி பதினைந்தாம் திகதி வீட்டுக்குப் போய்விட்டா. புண் முற்றாக ஆறி, தன் காலால் நடந்து போனா. எழுதுவிக்க நினைத்தேன், போகிற அவசரத்தில் முடியவில்லை.

இன்னொரு நல்ல செய்தி. இந்த மாதம் இருபத்தைந்து பேருக்கு வெட்டியதில் மூன்று பேருக்குத்தான் சீழ்! ரியூட்டர் மற்ற வாட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் மட்டையைக் காட்டினார். மேற்றன் கூட அரைக்கட்டிச் சவர்க்காரத்தை வெளியே எடுத்துவிட்டா. இப்போது அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் துடக்கு என்ற சொல்லைப் போடாமல் “உள்ளூர் நம்பிக்கைகளைப் பயன்படுத்தல்” என்று எழுதச் சொல்கிறார் ரியூட்டர்.

ஒன்பதாம் கட்டிலும் சுகமாகிப் போய்விட்டது.

அருந்ததி


வெள்ளவத்தை.
15.02.1993

அருந்ததிக்கு,

ஜனவரி ஆறாம் திகதி மகள் பிறந்தாள். நானும் அவளும் சுகம். மார்கழியில் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. அம்மாவுக்குப் பிள்ளை பிறந்ததை அறிவித்தேன். “சந்தோசம். இப்ப கொண்டு வரவேண்டாம், நான் தொடக்கூடாது” என்று ஒரு துண்டுக் கடிதம் வந்தது. நோயிலிருந்து எழும்பின மனுசி என்னவோ எழுதிவிட்டா என்று நினைத்தேன்.

போன கிழமை எங்கள் பக்கத்து வளவு இராசமலர் அக்கா மகனைப் பிளேன் ஏற்றக் கொழும்புக்கு வந்தவ, இங்கேயும் வந்தா. வந்து இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுச் சொல்கிறா: “கொம்மா பாவமடி. ஆஸ்பத்திரித் துடக்கு இன்னும் கழியேல்லை. நாங்களும் எவ்வளவு நாளைக்கெண்டு பொறுக்கிறது? கிணத்தைப் பாக்கத்தானே வேணும்.” என்ன துடக்கு என்று கேட்டால், “கட்டிலிலை சிவப்பு எழுத்திலை கட்டியிருந்ததை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்” என்கிறா.

ஒன்பதாம் கட்டில் என் அம்மா!

இரண்டு கடிதம் எழுதினாயே, ஒன்பதாம் கட்டில், ஒன்பதாம் கட்டில் என்று. யாரோ என்று வாசித்துச் சிரித்தேனே நான். அம்மாவின் புண் பழுதானதை மறைத்தாய், சரி, பிள்ளைத்தாச்சி பயந்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். ஆனால் மட்டை கட்டிய பிறகு அம்மாவுக்குக் கஞ்சி கொடுக்கவும் ஒருத்தரும் கிட்டப் போகவில்லையாமே? இப்போது எங்கள் பங்குக் கிணற்றிலேயே அம்மா தண்ணீர் அள்ளக்கூடாதாம்.

எனக்குப் பிள்ளைப்பெற்ற துடக்கு முப்பத்தொரு நாளில் கழிந்துவிட்டது. என் அம்மாவுக்கு எப்போது கழியும்? நீ வைத்த துடக்கு, நீயே சொல்லு.

கமலாவதி


வடமராட்சி.
22.03.1993

மச்சாள்,

மகளும் நீங்களும் சுகமாயிருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுத வெட்கமாயிருக்கிறது. உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்கி நாலு தாள் கிழித்துப்போட்டேன்.

நீங்கள் எழுதியது முழுக்க உண்மை. வெட்டி ஏழாம் நாள் மாமியின் புண்ணில் பச்சைச் சீழ் கண்டது. நான் காவல் நிற்கிற வாட்டில், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன ஆளுக்கு. உங்களுக்கு எழுதப் பயந்தேன். பிறகு மட்டையைக் கட்டினேன். மற்றக் கட்டில்கள் தப்பின. மாமிக்குத் தலை வாரி இழுத்துவிடவும் ஆள் வரவில்லை. இதைத்தானே புத்தகம் தனிமைப்படுத்தல் என்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஆறு கிழமை செபஸ்தியம்மாவும் நானும்தான் அவவைத் தொட்டோம். நான் இல்லாத நேரத்தில் செபஸ்தியம்மா மட்டும்.

அறிக்கைக்கு முதலாம் இடம் தந்து, இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தொற்றுத் தடுப்புத் தாதியாக அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்க எரிகிறது.

உங்கள் கடிதம் கண்ட அடுத்த ஞாயிறே சைக்கிளில் கொக்குவிலுக்குப் போனேன். கிணற்றடியில் நின்று எல்லோருக்கும் சொன்னேன், மாமிக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டை வெறும் பொய், கை கழுவுவிக்க நான் செய்த வேலை என்று. “மாமியெண்டு பாசத்திலை கதைக்கிறாய்” என்று இராசமலர் அக்கா தலையைத் தடவிவிட்டா. மாமியும் என்னை விலத்தியே நின்றா. நான் பொய் எழுதியபோது ஊரே நம்பியது மச்சாள். உண்மையைச் சொன்னால் ஒரு குருவியும் நம்பமாட்டேன் என்கிறது!

ஐயரிடம் ஓடினேன், வந்து தீர்த்தம் தெளித்துவிடுங்கோ என்று. அவர் எல்லாம் கேட்டுவிட்டு, “பிறப்புக்கு இருக்கு, இறப்புக்கு இருக்கு. உந்தக் கட்டில் துடக்கு ஒரு சாத்திரத்திலையும் இல்லை. இல்லாததை நான் எப்பிடிக் கழிக்கிறது? உதை ஆர் வைச்சது?” என்றார். நான்தான் என்றேன். “அப்ப நீதான் கழிக்கவேணும்” என்று மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.
அருந்ததி


வெள்ளவத்தை.
10.04.1993

அருந்ததிக்கு,

சுகம்.

உன் மன்னிப்பை வைத்து நான் என்ன செய்ய? வைகாசி நடுவில் பிள்ளையோடு கிளாலியால் வருகிறேன். இவர் வேண்டாம் என்கிறார், நான் கேட்கப் போவதில்லை. அவ்வளவு கடலும் சோதனையும் தாண்டிப் பிள்ளையைக் கொண்டு வந்து, அம்மா எட்ட நின்று பார்க்கிறதை என்னால் பார்க்க ஏலாது. அதற்குள் ஏதாவது செய். என்னவென்று நீயே யோசி. முதலாம் இடம் வந்தவள் நீதானே.

கமலாவதி


கொக்குவில்.
26.04.1993

பிள்ளை அருந்ததிக்கு மாமி எழுதிக்கொள்ளுறது.

நான் சுகம். உனக்கும் நல்லூரான் சுகம் தரட்டும். கமலா பிள்ளையோடை வாறாளாம். உனக்கும் எழுதியிருப்பாள்.

நீ கோவிக்காதை. உன்னிலை எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. நாலு பேருக்கு நல்லதெண்டுதானே செய்தனீ. இஞ்சை ஆக்களும் கூடாத ஆக்கள் இல்லை. இராசமலர் தன்ரை வாளியாலை அள்ளி என்ரை வாளிக்குள்ளை ஊத்திவிடுறா, வாளி வாளியிலை முட்டாமல். கோயிலுக்கு நான் வெளிவீதியோடை நிண்டு கும்பிட்டிட்டு வந்திடுவன்.

நீ அண்டைக்கு வந்து ஒண்டுமில்லை எண்டு சொன்னாய். ஒண்டுமில்லாததுக்கு ஆர் பிள்ளை சிவப்பு எழுத்திலை எழுதி வைப்பினம்? எனக்கு உள்ளுக்கை பயமாய்க் கிடக்கு. பச்சைப் பிள்ளை வருகுது. பிள்ளைப்பெத்த துடக்கெண்டால் முப்பத்தொண்டு, செத்த துடக்கெண்டாலும் முப்பத்தொண்டு. நீ வைச்சதுக்கு நாள் ஒண்டும் சொல்லேல்லை. எத்தினை நாளெண்டு மட்டும் சொல்லிவிடு. நான் இருந்திடுவன்.

மாமி
நல்லம்மா


வைத்தியசாலை,
வடமராட்சி.
03.05.1993

சம்பந்தப்பட்ட சகலருக்கும்,

கொக்குவிலைச் சேர்ந்த திருமதி நல்லம்மா தம்பிஐயா அவர்கள் பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டின் ஒன்பதாம் கட்டிலில் இருந்த காலத்தில் விதிக்கப்பட்ட துடக்கானது, அவர் வீடு திரும்பிய 15.10.1992 முதல் முப்பத்தொரு நாட்களுக்கு உரியதாகும். மேற்படி துடக்கு 14.11.1992 அன்று முற்றாகக் கழிந்துவிட்டது என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். அன்றிலிருந்து அவர் கிணறு, கோயில், குழந்தைகள் யாவற்றையும் தொடலாம்.

(ஒப்பம்) அ. சிவசுப்பிரமணியம்
தொற்றுத் தடுப்புத் தாதி

மாமி, மேலே இருக்கிறதை வாசல் படலையில் ஒட்டிவிடுங்கோ. கீழே இருக்கிற இந்தத் துண்டைக் கிழித்து எடுத்துவிட்டு ஒட்டுங்கோ. ஆஸ்பத்திரிச் சீல் குத்தியிருக்கிறேன். இங்கே பெரிய டொக்டருக்குத் தெரிந்தால் என் வேலை போகும், போனால் போகட்டும். மூன்று வருடம் படித்ததற்கு இந்தக் கடிதத்தை எழுத வேண்டி வந்ததே என்று அழுகை அழுகையாய் வருகிறது. நீங்கள் பிள்ளையைத் தூக்குங்கோ.


கொக்குவில்.
30.05.1993

பிள்ளை அருந்ததிக்கு மாமி எழுதிக்கொள்ளுறது.

எல்லாரும் சுகம். கமலா வந்து எட்டு நாள். பிள்ளையை மடியிலை வைச்சுக்கொண்டுதான் எழுதுறன், பேனையைப் பறிக்குது, அதாலை எழுத்துக் கோணல். அப்பிடியே உன்ரை மாமாவின்ரை மூக்கு. கமலா உன்னோடை இன்னும் கோவந்தான். ஆனால் போக முதல் உன்னை ஒருக்கா வரட்டாம்.

உன்ரை கடிதம் படலையிலை ஒட்டி மூண்டு கிழமை. நீ சொன்னபடி கீழ்த்துண்டைக் கிழிச்சுப்போட்டன். முதல் நாளே ஊர் முழுக்க வந்து வாசிச்சிட்டுது. இராசமலர் தானே வந்து என்ரை கையைப் பிடிச்சுக் கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. “பாத்தியளே, ஐப்பசி முடியுமட்டும் இருந்திருக்கு. நான் சொன்னது சரிதானே” எண்டு எல்லாருக்கும் சொல்லுறா. ஆஸ்பத்திரிக்காரர் சீல் வைச்சுச் சொன்னாப் பிறகு ஆர் இல்லையெண்ணுறது? எனக்கும் அது இருந்ததெண்டு தெரிஞ்சதிலை ஒரு ஆறுதல்.

இன்னுமொரு விசயம் பிள்ளை. ஒழுங்கை முடக்கிலை இருக்கிற தியாகலிங்கத்தின்ரை பெண் மீனாம்பிகை, அப்பன்டிக்ஸ் வெட்டி முந்தநாள் வந்திருக்கிறாள். கட்டிலிலை மட்டை ஒண்டும் கட்டேல்லையாம். எண்டாலும் கடிதம் இல்லாமல் கிணத்தடிக்கு விடமாட்டினமாம். பெட்டை வீட்டுக்குள்ளை இருந்து அழுகுது. அவளுக்கும் ஒண்டு எழுதி அனுப்பிவிடு.

சீல் வடிவாய்த் தெரியக் குத்து.

மாமி
நல்லம்மா